சனி, ஞாயிறு புயல் மழை என்று அறிவித்துவிட்டார்களா? கடலூர் கரையில் இருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நவம்பர் பிறந்தாலே நம்மூரில் ஏதாவது ஒரு புதன்கிழமை அந்தச் செய்தி வந்துவிடும். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு, சனி ஞாயிறில் கடலோர மாவட்டங்களில் கனமழை. உடனே டீக்கடையிலிருந்து வாட்ஸ்அப் குழு வரை எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எங்கே, எத்தனை மணிக்குக் கரையைக் கடக்குது?"

அந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்துத் தயாரானால் என்ன ஆகும் என்பதை 2024இல் பார்த்துவிட்டோம். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30, சனிக்கிழமை இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்பாடா முடிந்தது என்று பலர் மூட்டையை அவிழ்த்து வைத்துவிட்டார்கள். தென்பெண்ணை ஆறு கரைபுரண்டு கடலூரை ஒட்டிய தாழங்குடா, உச்சிமேடு, நாணமேடு, உப்பலவாடிப் பக்கமெல்லாம் புகுந்தது அதற்குப் பிறகு, திங்கள் செவ்வாயில்.

கடல், காற்று, மழை, ஆறு ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி நேரம், தனி ஆபத்து, தனி ஏற்பாடு. அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். கடலூரை வைத்து எழுதினாலும் மரக்காணத்திலிருந்து வேதாரண்யம் வரை பெரும்பாலும் பொருந்தும், ஆற்றின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

புதன், வியாழன்: அறிவிப்பைச் சரியாகப் படியுங்கள்

முதலில் சொற்கள். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியில் தொடங்கும். காற்று மணிக்கு 31 கி.மீ.யைத் தொட்டால் தாழ்வு மண்டலம், 50ஐத் தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 ஆனால் புயல், அப்போதுதான் பெயர் வைப்பார்கள். 89இலிருந்து தீவிரப் புயல், 118இலிருந்து மிகத் தீவிரப் புயல். இந்த ஏணி முழுக்கக் காற்றின் வேகத்தை வைத்துப் போட்டது, எவ்வளவு மழை கொட்டும் என்பதைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது. "பெயர்கூட வைக்கலையே, சும்மா தாழ்வு மண்டலம்தானே" என்று யாராவது சொன்னால் 2015 நவம்பர் 9ஐ ஞாபகப்படுத்துங்கள். அன்று கரையேறியது பெயரில்லாத ஆழ்ந்த தாழ்வு மண்டலம்தான். நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியது. பெரியகாட்டுப்பாளையம், விசூர் பக்கம் ஓடை உடைத்துக்கொண்டு வந்து வீடுகளோடு ஆட்களையும் இழுத்துப் போனது.

அதனால் வேகத்தைப் பார்ப்பதோடு மழை எச்சரிக்கையின் நிறத்தையும் பாருங்கள். மஞ்சள் என்றால் பொதுவாகக் கனமழை, 7 முதல் 11 செ.மீ. ஆரஞ்சு, மிகக் கனமழை, 12 முதல் 20. சிவப்பு என்றால் அதற்கும் மேல். வானிலை மையத்தின் ஒரு நாள் கணக்கு காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடிகிறது, எனவே சனிக்கிழமைக்குச் சிவப்பு என்றால் ஞாயிறு விடியற்காலையும் அதில் சேர்த்திதான். 20 செ.மீ. என்பது வெறும் எண்ணாகத் தெரிந்தால் இப்படிப் பாருங்கள்: ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் அது சுமார் 18,500 லிட்டர். மாடிக் குழாயில் ஒரு பிளாஸ்டிக் பை அடைத்திருந்தால் அத்தனை எடையும் உங்கள் தலைக்கு மேல் நிற்கும்.

பாதை வரைபடத்தில் நடுவில் ஒரு கோடும் அதைச் சுற்றி விரிந்துகொண்டே போகும் ஒரு கூம்பும் இருக்கும். எல்லோரும் கோட்டைப் பார்க்கிறார்கள். கூம்பைப் பாருங்கள். புயலின் மையம் அந்தக் கூம்புக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், உங்கள் ஊர் அதன் ஓரத்தில் இருந்தாலும் ஏற்பாடு ஒன்றுதான். மழை கூம்பையும் தாண்டிப் பெய்யும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையேறியது ஆந்திராவின் பாபட்லா அருகே, ஆனால் மூழ்கியது சென்னை.

ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். ஃபெஞ்சல் விஷயத்தில் வியாழக்கிழமை வரைக்கும் இது புயலாகாது, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரையேறும் என்றார்கள். வெள்ளி மதியம் புயலாகிவிட்டது. இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை, கடலில் இருப்பது அப்படித்தான் மாறும். காலை, மதியம், இரவு என மூன்று வேளை பாருங்கள், சென்னை மண்டல வானிலை மையத்தின் அறிக்கையையே பாருங்கள். புயலாகிவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை வரும். மழை மேகம் எங்கே நிற்கிறது என்று நேரில் பார்க்க நமக்குப் பக்கத்தில் இருப்பது காரைக்கால் ரேடார். தமிழக அரசின் டிஎன் அலர்ட் செயலியையும் போட்டு வையுங்கள். யாரோ அனுப்பிய குரல் பதிவை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள்.

கூண்டு எண்ணில் ஒளிந்திருக்கும் செய்தி

கடலூர் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு, ஐந்தாம் எண் கூண்டு என்று செய்தியில் சொல்வார்கள். எண் ஏற ஏற ஆபத்து ஏறுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பொதுவாகச் சரிதான், ஆனால் 5, 6, 7 மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு ஆபத்து, மாறுவது திசை. 5 என்றால், புயல் போகும் திசையைப் பார்த்து நின்றால், துறைமுகம் அதன் பாதைக்கு இடப்பக்கம் இருக்கும். 6 என்றால் வலப்பக்கம். 7 என்றால் துறைமுகத்தின் மேலேயோ ஒட்டியோ கடக்கும். 8, 9, 10 அதே வரிசைதான், புயல் இன்னும் கடுமையானது. 11 ஏற்றினால் புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

நம் கரைக்கு வரும் புயல் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கே வருகிறது. அப்படியானால் 5 ஏற்றினால் புயல் நமக்கு வடக்கே, மரக்காணம் பக்கம் போகிறது. 6 என்றால் நமக்குத் தெற்கே, பரங்கிப்பேட்டை, காரைக்கால் பக்கம். இந்த வித்தியாசம் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ரொம்ப முக்கியம். தெற்கே போகும் புயல் காற்றைக் கடலிலிருந்து நம் மேல் தள்ளும், அலையும் சேர்ந்து ஏறும். வடக்கே போனால் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும், கடல் ஏறுவது குறையும். மழை மட்டும் எந்தப் பக்கமும் விடாது.

வெள்ளிக்கிழமை: கடல் முதலில் வருகிறது

மழை தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பே அலை மாறிவிடும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும், சில்வர் பீச்சில் கூட்டம் இருக்கும், ஆனால் அலை நீளமாக, இடைவெளி விட்டு, கனமாக வந்து விழும். அது எங்கோ தூரத்தில் இருக்கும் புயல் அனுப்பியது. பிள்ளைகளை அன்றே கரையிலிருந்து விலக்கிவிடுங்கள்.

மீன்பிடிக்கப் போகாதீர்கள் என்று எச்சரிக்கை வந்துவிட்டால் கரையில் இருப்பவர்கள் போகமாட்டார்கள், அது சிக்கலில்லை. ஏற்கெனவே தங்கு கடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போனவர்கள்தான் கவலை. 2017இல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்கள் பலருக்கு அது வருவதே தெரியவில்லை. உங்கள் வீட்டிலோ ஊரிலோ யார் யார் எந்தப் படகில் போனார்கள், எப்போது கடைசியாகப் பேசினார்கள் என்பதை ஊர்ப் பஞ்சாயத்தில் வியாழனே எழுதி வையுங்கள். தொடர்பு கிடைக்காவிட்டால் மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள், கடலோரக் காவல்படை எண் 1554.

ஃபைபர் படகை வழக்கமாக ஏற்றும் இடத்தில் விடாமல் இன்னும் மேலே ஏற்றுங்கள், இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள், வலையைக் கரையில் குவித்து வைக்காதீர்கள். துறைமுகத்தில் விசைப்படகுகளை நெருக்கிக் கட்டினால் ஒன்றோடொன்று மோதியே உடையும், இடைவெளி விட்டு, நடுவில் பழைய டயர் தொங்கவிட்டுக் கட்டுங்கள். கட்டிவிட்டுப் படகிலேயே தூங்க வேண்டாம். படகைக் காப்பாற்றத் தங்கி உயிரை விட்டவர்கள் எல்லாக் கரையிலும் உண்டு.

நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி பாருங்கள். நம் கரையில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவில்தான் இருக்கும், ஆனால் அமாவாசை ஏற்றத்தோடு புயல் தள்ளும் தண்ணீரும் சேர்ந்தால் முகத்துவாரம் அடைத்துக்கொள்ளும். கெடிலமும் தென்பெண்ணையும் உப்பனாறும் கடலில் கலக்கமுடியாமல் பின்னால் திரும்பும். ஃபெஞ்சல் வந்ததும் அமாவாசையை ஒட்டித்தான். அந்த நேரத்தில் தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு மாதிரி முகத்துவாரத்தை ஒட்டிய ஊர்களில் சாக்கடை வழியாகத் தண்ணீர் மேலே ஏறலாம். மழையே பெய்யாதபோது சாக்கடை எதிர்த்து ஓடினால் அதுதான் முதல் அறிகுறி, அப்போதே கிளம்புங்கள்.

வெள்ளி மாலைக்குள்: வீடு

யார் தங்கலாம், யார் போக வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். கூரை வீடு, சிமெண்ட் சீட் போட்ட வீடு, சுவர் ஊறிய பழைய ஓட்டு வீடு, முகத்துவாரத்தையோ ஆற்றங்கரையையோ ஒட்டிய வீடு, இவற்றில் இருப்பவர்கள் தங்கவே கூடாது. உறவினர் வீடோ, அரசு பாதுகாப்பு மையமோ, பள்ளிக்கூடமோ, வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். "ராத்திரி பாத்துக்கலாம்" என்று பெரியவர்கள் அடம்பிடிப்பார்கள். பாட்டி, உங்களுக்காக இல்லை, நீங்கள் வராவிட்டால் நாங்களும் வரமாட்டோம் என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் வேலைக்கு ஆனது. பிரசவ நாள் நெருங்கியவர்களையும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களையும் வெள்ளிக்கிழமையே மருத்துவமனைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை சாலை இருக்கும் என்று நம்பாதீர்கள்.

தங்குபவர்கள் செய்ய வேண்டியது: மோட்டார் போட்டு மேல்தொட்டி, குடம், அண்டா எல்லாவற்றையும் நிரப்புங்கள், ஏனென்றால் காற்று தொடங்கியதும் மின்சாரத்தை அவர்களே பாதுகாப்புக்காக நிறுத்துவார்கள், திரும்பி வர எத்தனை நாள் என்று சொல்லமுடியாது. 2011 தானே புயலுக்குப் பிறகு நம் மாவட்டத்துக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் இருட்டுதான். போன், பவர் பேங்க், டார்ச் எல்லாம் சார்ஜ். கையில் கொஞ்சம் ரொக்கம், மின்சாரம் இல்லாவிட்டால் ஜிபேயும் இல்லை, ஏடிஎம்மும் இல்லை. மூன்று நாளுக்கு அவல், ரொட்டி, பால் பவுடர், குழந்தைக்கு வேண்டியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு. இன்சுலின் இருந்தால் ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைக்கலாம்.

ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையை இன்னொரு உறையில் போட்டு, பீரோவின் கீழ்த்தட்டில் இல்லாமல் உயரத்தில் வையுங்கள். வீட்டையும் வண்டியையும் இப்போதே நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு நிவாரணமோ காப்பீடோ கேட்கும்போது உதவும்.

மொட்டைமாடியில் கிடக்கும் தகரம், பூந்தொட்டி, டிஷ் ஆன்டெனா, காலி சின்டெக்ஸ் தொட்டி எல்லாம் பறக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும், அதனால் 50 கி.மீ. காற்றில் அசையாத தகரம் 100இல் கத்தி மாதிரி வரும். தானேயின்போது பக்கத்துத் தெரு சீட் ஒன்று எங்கள் தென்னையில் வந்து குத்தி நின்றது, மரத்துக்குள் நான்கு விரல் ஆழம் போயிருந்தது. தென்னை வைத்திருப்பவர்கள் முற்றிய காய்களையும் அடி மட்டைகளையும் வெட்டிப் பாரத்தைக் குறையுங்கள். மாட்டை அவிழ்த்துவிடுங்கள். கட்டிப்போட்ட மாடு தப்பிக்காது.

சனிக்கிழமை: காற்று

கதவு ஜன்னலைச் சாத்தி, கண்ணாடியிலிருந்து விலகி, வீட்டின் நடு அறையில் இருங்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள், கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடிய வராண்டாவிலோ ஓட்டவே கூடாது, அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

இப்போது காற்றின் திசையைக் கவனியுங்கள், இது கரையில் பெரியவர்கள் தலைமுறையாகப் பார்ப்பது. புயல் கிழக்கே கடலில் இருக்கும்போது நமக்கு வடக்கிலிருந்து அடிக்கும், வாடைக்காற்று. புயல் நெருங்க நெருங்க அது திரும்பும். வடக்கிலிருந்து வடகிழக்கு, அப்புறம் கிழக்கு, அதாவது கொண்டலாக மாறினால் புயல் நமக்குத் தெற்கே கடக்கிறது. கடல் நம் பக்கம் வரும், கரையோரத்தில் இன்னும் யாராவது இருந்தால் உடனே விலகவேண்டும். வடக்கிலிருந்து வடமேற்கு, பிறகு மேற்கு என்று திரும்பினால் புயல் வடக்கே போகிறது. இணையம் போய், போன் செத்து, கூண்டு எண் எதுவும் தெரியாத நேரத்திலும் இதை ஜன்னல் இடுக்கு வழியாகத் தென்னை ஓலை சாயும் பக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

திசை மாறாமல் காற்று ஏறிக்கொண்டே போய், திடீரென்று நின்றால்? அதுதான் மிக ஆபத்தான நேரம். புயலின் கண் தலைக்கு மேல் வந்திருக்கிறது. 2016 டிசம்பர் 12இல் வர்தா சென்னையைக் கடந்தபோது இப்படித்தான் நின்றது, முடிந்தது என்று நினைத்து வெளியே வந்தவர்கள் நிறையப் பேர். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் பாதியில் ஒரு பக்கமாக ஆடித் தளர்ந்த மரமும் சுவரும் இரண்டாம் பாதியில்தான் விழும். அறிவிப்பு வரும்வரை வாசல் தாண்டாதீர்கள்.

சனி இரவு: மழை

புயல் வேகமாக நகர்ந்தால் மழை சில மணி நேரம். நின்றுவிட்டால் சிக்கல். ஃபெஞ்சல் கரையைக் கடந்தபின் புதுச்சேரி அருகே அசையாமல் நின்றது, புதுச்சேரியில் 48 செ.மீ.க்கும் மேல், மயிலத்தில் ஏறக்குறைய 50. எனவே அறிக்கையில் "மெதுவாக நகர்கிறது" அல்லது "நிலைகொண்டுள்ளது" என்ற சொல்லைப் பார்த்தால் காற்று வேகம் குறைவு என்று நிம்மதியடையாமல் சாமான்களை மேலே ஏற்றுங்கள்.

தண்ணீர் ஏறுகிறதா என்பதைக் கண்ணால் பார்த்து மதிப்பிடமுடியாது, இருட்டில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். நாங்கள் 2015இல் கற்றுக்கொண்ட வழி இது: வாசற்படியின் பக்கச் சுவரில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கோடாகச் சாக்பீஸில் கோடு போட்டு, பக்கத்திலேயே நேரத்தை எழுதினோம். பதினோரு மணிக்கு இரண்டாவது கோடு, பதினொன்றரைக்கு ஐந்தாவது. அரை மணியில் மூன்று விரல். வாசலுக்கு இன்னும் ஏழு கோடு பாக்கி. அதாவது ராத்திரி ஒரு மணி அடிப்பதற்குள் உள்ளே வந்துவிடும். அந்தக் கணக்கு கிடைத்ததால்தான் அரிசி மூட்டையையும் அம்மாவையும் பதற்றமில்லாமல் மாடிக்கு ஏற்றினோம். சாக்பீஸ் நனையாது என்று நினைக்காதீர்கள், கரித்துண்டோ மார்க்கரோ இன்னும் நல்லது.

தண்ணீர் வீட்டுக்குள் வரும் முன்பே மெயின் அணைந்திருக்க வேண்டும். வந்தபிறகு ஈரக்கையோடு சுவிட்ச் பக்கம் போகக்கூடாது. தெருவில் ஓடும் தண்ணீரில் நடக்க நேர்ந்தால் கம்பால் தட்டித் தட்டி, திறந்த சாக்கடையை உணர்ந்து நடங்கள். முழங்கால் அளவு ஓடும் தண்ணீர் ஆளைத் தள்ளிவிடும், இரண்டு அடி ஓடும் தண்ணீர் காரை மிதக்கவைத்துவிடும். பாலத்தின் மேல் தண்ணீர் போனால் திரும்பிவிடுங்கள், அந்தப் பக்கம் சாலை இருக்கிறதா என்பதே தெரியாது.

ஞாயிறு முதல் செவ்வாய் வரை: ஆறு

நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். நம் தெருவில் வெயில் அடிக்கும்போதும் நமக்கு வரப்போகும் தண்ணீர் மேலே எங்கோ பெய்துகொண்டிருக்கும். தென்பெண்ணை கர்நாடகத்தில் பிறந்து கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாக நம்மிடம் வருகிறது. ஃபெஞ்சலின் மிச்சம் உள்ளே போய் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது, சாத்தனூர் அணை நிரம்பி டிசம்பர் 2 அதிகாலையில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் திறந்துவிட்டார்கள். அரசூர் அருகே தேசிய நெடுஞ்சாலை மூழ்கியது. அந்தத் தண்ணீரெல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் தாழங்குடா முகத்துவாரம்.

எனவே புயல் கடந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை, நம் மழையை மறந்துவிட்டு மேற்கே பார்ப்பது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைக்கு என்ன நிறம் போட்டிருக்கிறார்கள்? சாத்தனூரின் நீர்மட்டம் என்ன? அதன் முழு உயரம் 119 அடி, நீர்மட்டம் அதை நெருங்கிக்கொண்டிருக்கும்போது மேலே மழை பெய்தால் திறந்தே ஆகவேண்டும். திறப்பு அளவு மணிக்கு மணி கூடுகிறதா என்று பாருங்கள், கூடிக்கொண்டே போனால் வெள்ள எச்சரிக்கைக்குக் காத்திருக்காமல் ஆற்றங்கரை ஊர்களிலிருந்து நகருங்கள். சிதம்பரம், கிள்ளை பக்கம் இருப்பவர்கள் இதே கணக்கை வீராணத்துக்கும் கொள்ளிடத்துக்கும் போட வேண்டும், குறிஞ்சிப்பாடிக்காரர்கள் பரவனாற்றுக்கும் பெருமாள் ஏரிக்கும்.

மேல்பக்கத்து ஊரில் ஒருவரையாவது பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். திருக்கோவிலூரில் இருக்கும் சித்தப்பா பையன் "அண்ணா, பாலத்தைத் தொடுற மாதிரி தண்ணி போகுது" என்று காலையில் ஒரு போன் போட்டால் உங்களுக்குச் சில மணி நேரம் கையில் கிடைக்கும். முகாமிலிருந்து சனி இரவோடு திரும்பாதீர்கள். அதிகாரிகள் சொல்லும்வரை இருங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு

அறுந்த கம்பியைத் தொடாதீர்கள், செத்துக் கிடப்பதுபோல் இருந்தாலும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்குச் சொல்லுங்கள். வேறு உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070, ஆம்புலன்ஸ் 108.

மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், இன்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் அந்த ஒரு உதையில் முழுதும் போய்விடும், மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போங்கள். பாம்பு பீரோவுக்கு அடியிலும் மூட்டை நடுவிலும் இருக்கும், கம்பால் கிளறிவிட்டுக் கை வையுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம், கடிபட்ட காலை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனை. கிணறும் தொட்டியும் குளோரின் போட்டுக் கழுவும்வரை காய்ச்சிய தண்ணீர்தான். காலில் புண் இருப்பவர்கள் வெள்ளத் தண்ணீரில் இறங்காதீர்கள், அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், வெள்ளத்தில் நின்றதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சேதத்தைச் சுத்தம் செய்யும் முன்பே படம் எடுங்கள், சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி. கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வரும்போது அந்தக் கோடு காய்ந்து போயிருக்கும்.